"காலி பண்றோம்"னு வாயால சொன்னா போதுமா? ஒப்பந்தத்தை எழுத்தில் முடிப்பது எப்படி

"அண்ணே, அடுத்த மாசத்தோட வீட்டைக் காலி பண்றோம்ணே."

"அப்படியாம்மா? சரி, போறப்ப சாவியைக் கொடுத்துட்டுப் போங்க. அட்வான்ஸை அப்புறம் பாத்துக்கலாம்."

கூத்தாநல்லூரில் மட்டுமல்ல, நம்ம ஊர்களில் பாதி வாடகை ஒப்பந்தங்கள் இப்படித்தான் முடிகின்றன. ஒப்பந்தம் போடும்போது முத்திரைத்தாள், சாட்சி, ஆதார் நகல் எல்லாம் கேட்கிறோம். முடிக்கும்போது வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுச் சாமானை வண்டியில் ஏற்றுகிறோம். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

திருவாரூர் – மன்னார்குடி சாலையில் இருக்கும் கூத்தாநல்லூர் நகராட்சியைப் பலருக்கும் தெரியும். மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் என்று தலைமுறை தலைமுறையாக வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்களின் ஊர். இங்கே வீட்டு உரிமையாளர் ஒரு நாட்டில் இருப்பார். வாடகையை வாங்குவது உள்ளூரில் இருக்கும் அவருடைய சொந்தக்காரராக இருக்கும். குடியிருக்கிற குடும்பத்திலும் கணவர் வெளிநாட்டில் இருக்க, வீட்டை நடத்துவது மனைவியோ வயதான பெற்றோரோதான். இப்படி நான்கு பேர் சம்பந்தப்பட்ட ஒப்பந்தத்தை ஒரு வாய்ச்சொல்லில் முடித்தால், யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பது கடைசியில் யாருக்குமே தெரியாமல் போய்விடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாத வாடகை 6,000 ரூபாய். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை, 18,000 ரூபாய். பிள்ளையின் படிப்புக்காகத் தஞ்சாவூருக்கு மாறுகிறார்கள். வாடகை வாங்குபவரிடம் ஒரு மாதம் முன்பே வாயால் சொல்லிவிட்டார்கள். காலி செய்த பிறகு அட்வான்ஸ் கேட்டால் இப்படிப் பதில் வருகிறது:

"ஓனர்கிட்ட நீங்க சொல்லவே இல்லையாமே. நோட்டீஸ் இல்லாம போனதுக்கு ஒரு மாச வாடகை 6,000 கழிச்சாச்சு. வெள்ளையடிக்க 5,000. கரண்ட் பில் 1,340. மீதி 5,660 இருக்கு, வந்து வாங்கிக்குங்க."

ஓனர் பொய் சொல்கிறார் என்று சொல்லிவிட முடியாது. அவருக்குத் தகவல் போகாமலே இருந்திருக்கலாம். அதே குடும்பத்திடம் தேதி போட்ட ஒரு கடிதமும், அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்தும், வீட்டை ஒப்படைத்த அன்று எடுத்த நாலு போட்டோவும் இருந்தால் என்ன ஆகும்? கழிக்க வேண்டியது கரண்ட் பில் மட்டும்தான். 16,660 ரூபாய் கைக்கு வரும். வித்தியாசம் 11,000 ரூபாய். ஒரு வெள்ளைத்தாளின் மதிப்பு அவ்வளவு.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒப்பந்தத்தை முடிப்பதற்கு ஒரு எளிய விதி இருக்கிறது. எந்த வழியில் தொடங்கினீர்களோ, குறைந்தபட்சம் அந்த வழியிலேயே முடியுங்கள். எழுதித் தொடங்கியதை எழுதி முடிக்க வேண்டும். பதிவு செய்து தொடங்கியதைப் பதிவு செய்து முடிக்க வேண்டும்.

இது வெறும் அறிவுரை இல்லை. 1.7.2024 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம் 2023, பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்த ஒரு விதியை அப்படியே வைத்திருக்கிறது. சட்டப்படி எழுத்தில்தான் இருக்க வேண்டிய ஒப்பந்தத்தையோ, பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தத்தையோ, "அப்புறம் வாயால் பேசி ரத்து பண்ணிட்டோம்" என்று நிரூபிக்க முயன்றால் அதை நீதிமன்றம் ஏற்காது. நீங்கள் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் அந்தச் சாட்சியம் எடுபடாது.

வாடகை வீட்டுக்கு நேரடியாகப் பொருந்தும் சட்டங்கள் இரண்டு.

முதலாவது, சொத்து உரிமை மாற்றுச் சட்டம் 1882. இதன் 106-வது பிரிவுப்படி, மாதாமாதம் நடக்கும் வாடகையை இரு தரப்பில் யார் முடிப்பதானாலும் 15 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு கால அளவு எழுதியிருந்தால் அதுதான் செல்லும். நம்ம ஊர் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஒரு மாதம் அல்லது இரண்டு மாதம் என்று இருக்கும். நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும். நாள் கணக்கு தொடங்குவது நீங்கள் கடிதம் எழுதிய தேதியில் இருந்து அல்ல, எதிர்த்தரப்புக்குக் கிடைத்த தேதியில் இருந்து. பலர் தவறவிடும் இடம் இதுதான்.

இரண்டாவது, தமிழ்நாட்டில் சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். இது 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ளது. நகர்ப்புறங்களுக்குப் பொருந்தும். கூத்தாநல்லூர் நகராட்சி என்பதால் இங்குள்ள வீடுகளுக்கும் பொருந்தும். இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கென அரசின் தனி இணையதளம் இருக்கிறது, போனிலேயே விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வாடகைதாரர் காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்.

அந்த ஒரு மாதக் கணக்கு எப்போது தொடங்கும்? நீங்கள் காலி செய்த தேதியில் இருந்து. அந்தத் தேதியை நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இல்லை என்றால் கெடுவும் இல்லை. அதனால்தான் ஒப்படைக்கும் நாளுக்கு ஒரு சான்று தேவை.

முதல் படி: நோட்டீஸ் கடிதம்

வக்கீல் வைத்துத்தான் எழுத வேண்டும் என்று இல்லை. நீங்களே தமிழில் எழுதலாம். கடிதத்தில் ஆறு விஷயங்கள் இருந்தால் போதும்: யார், யாருக்கு, எந்த ஒப்பந்தம், எந்தத் தேதியில் முடிகிறது, எவ்வளவு பணம் வர வேண்டும், எந்தக் கணக்கில் போட வேண்டும். காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. கோபத்தைக் காட்டவே கூடாது. "குழாய் ரிப்பேர் பண்ணித் தரல, அதனால போறோம்" என்று எழுதினால் பேச்சு குழாய்ப் பக்கம் போய்விடும்.

மாதிரிக் கடிதம்:

தேதி: ............

அனுப்புநர்: (உங்கள் பெயர், இப்போதைய முகவரி, கைபேசி எண்)

பெறுநர்: (ஒப்பந்தத்தில் உள்ளபடி உரிமையாளர் பெயர், முகவரி)

பொருள்: வாடகை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது குறித்த நோட்டீஸ்

ஐயா / அம்மா,

கூத்தாநல்லூர், ............ தெரு, கதவு எண் ...... வீட்டில் ............ தேதியிட்ட வாடகை ஒப்பந்தத்தின்படி (பதிவு எண் இருந்தால்: ............) குடியிருந்து வருகிறேன். ஒப்பந்தத்தின் ......-வது பத்தியில் சொல்லியுள்ளபடி ஒரு மாத முன்னறிவிப்பாக இக்கடிதத்தைத் தருகிறேன்.

............ தேதியுடன் வாடகையை முடித்துக்கொண்டு, அன்று வீட்டையும் சாவிகளையும் ஒப்படைக்கிறேன். அன்று தாங்களோ தங்கள் சார்பில் ஒருவரோ நேரில் வந்து வீட்டைப் பார்வையிட்டுப் பெற்றுக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் முன்பணமாகக் கொடுத்த ரூ. ............-ல் என் பாக்கி ஏதேனும் இருந்தால் அதை விவரத்துடன் கழித்துக்கொண்டு, மீதியைச் சட்டப்படி ஒரு மாதத்துக்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(கணக்கு விவரம்)

இப்படிக்கு,
(கையெழுத்து)

ஒப்பந்தம் கணவர் பெயரில் இருந்து, அவர் வெளிநாட்டில் இருந்தால் யார் கையெழுத்துப் போடுவது? 106-வது பிரிவு, ஒருவர் சார்பாக இன்னொருவர் கையெழுத்திடுவதை அனுமதிக்கிறது. ஆனால் அதற்கு அவர் அதிகாரம் கொடுத்திருப்பதைக் காட்ட வேண்டும். கணவர் தன் சொந்த மின்னஞ்சலில் இருந்து "என் மனைவி என் சார்பில் நோட்டீஸ் கொடுக்கவும், வீட்டை ஒப்படைக்கவும், அட்வான்ஸ் பெறவும் சம்மதிக்கிறேன்" என்று ஓனருக்கும் மனைவிக்கும் ஒரே மெயிலாக அனுப்பிவிட்டால் பெரும்பாலும் தகராறு வராது. நீதிமன்றம், பத்திரப்பதிவு என்று போக வேண்டிய பெரிய விஷயம் என்றால் பொது அதிகார ஆவணம் தேவை. வெளிநாட்டில் எழுதுவதாக இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்க வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும்.

இரண்டாம் படி: கிடைத்ததற்குச் சான்று

கடிதம் எழுதியது பாதி வேலை. எதிர்த்தரப்புக்குக் கிடைத்தது என்று காட்டுவது மீதிப் பாதி.

நேரில் கொடுப்பது நல்லது. இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, உங்கள் பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். "என்னம்மா, எங்கமேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டால் சங்கடப்பட வேண்டாம். "நம்பிக்கை இருக்குண்ணே, அவர் வெளிநாட்டுல இருந்துக்கிட்டு பேப்பர் கேக்குறாரு, அதுக்காகத்தான்" என்று சொல்லலாம். கையெழுத்து கேட்பதற்கும் நம்பாமல் இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. நாளைக்கு அவருடைய ஓனர் அவரையே கேள்வி கேட்டால், அந்தக் கையெழுத்து அவரையும் காப்பாற்றும்.

உரிமையாளர் ஊரில் இல்லை என்றால், அவர் வீட்டில் இருக்கும் குடும்பத்தாரிடம் கொடுப்பதையும் சட்டம் ஏற்கிறது. அது எதுவுமே முடியாத நிலையில், சொத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டலாம். ஒட்டினால் தேதியோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போட மறுத்தால் தபாலில் அனுப்புங்கள். இங்கே ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். நாம் பழகிய பதிவுத் தபால் 1.9.2025 முதல் ஸ்பீட் போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. இனி தபால் நிலையத்தில், "ஸ்பீட் போஸ்ட், பதிவு வசதியோட, ஒப்படைத்ததற்குச் சான்றும் வேணும்" என்று கேட்க வேண்டும். பதிவு வசதி சேர்த்தால்தான் முகவரியில் உள்ள குறிப்பிட்ட நபரிடம் கொடுப்பார்கள். ரசீதில் இருக்கும் எண்ணைப் போட்டு, கடிதம் எங்கே போகிறது என்பதைப் போனிலேயே பார்க்கலாம். "ஒப்படைக்கப்பட்டது" என்று காட்டும் பக்கத்தை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சரியான முகவரிக்கு அனுப்பிய தபாலை வாங்க மறுத்தாலும், அது கிடைத்ததாகவே நீதிமன்றங்கள் பொதுவாக எடுத்துக்கொள்கின்றன. அதனால் "மறுத்துவிட்டார்" என்ற குறிப்போடு திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

வாட்ஸ்அப்பில் சொன்னால் செல்லுமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. மின்னணுப் பதிவுகளைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அங்கீகரிக்கிறது. அதனால் வாட்ஸ்அப், மெயில் இரண்டுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் நீதிமன்றத்தில் காட்ட, சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழும் சேர்த்துத் தர வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் மட்டும் போதாது.

ஆகவே வாட்ஸ்அப்பைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் நம்பாதீர்கள். கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் போட்டோ எடுத்து, ஓனருக்கும் வாடகை வாங்குபவருக்கும் அனுப்புங்கள். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள். "சரி" என்று பதில் வந்தால் நல்லது. "தானாக அழியும் செய்தி" வசதி போட்டிருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். அட்வான்ஸ் கைக்கு வரும் வரை அந்த உரையாடலை அழிக்காதீர்கள். புது போன் வாங்கினால் பழையதை உடனே விற்றுவிடாதீர்கள்.

மூன்றாம் படி: ஒப்படைக்கும் நாள்

சாமானை எல்லாம் ஏற்றிய பிறகு, வீடு காலியாக இருக்கும்போது இதைச் செய்யுங்கள்:

1. வாசலில் இருந்து கொல்லைப்புறம் வரை ஒரே வீடியோவாக எடுங்கள். சுவர், தரை, குழாய், ஸ்விட்ச் போர்டு எல்லாம் தெரிய வேண்டும்.
2. மின் மீட்டரில் இருக்கும் யூனிட் அளவைத் தெளிவாகப் போட்டோ எடுங்கள். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கெடுப்பு என்பதால், இடையில் காலி செய்பவர்களுக்கு இந்தப் போட்டோதான் ஆதாரம். கடைசிக் கணக்கெடுப்பு அளவைக் கழித்து உங்கள் பங்கை அன்றே பேசி முடித்துவிடலாம்.
3. எத்தனை சாவி கொடுத்தீர்கள் என்று எண்ணி எழுதுங்கள்.
4. கடைசி மாத வாடகையை யுபிஐ அல்லது வங்கி மூலம் செலுத்தி, குறிப்பில் மாதத்தின் பெயரைப் போடுங்கள்.
5. கீழே உள்ள ஒப்படைப்புக் குறிப்பில் இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.

"கூத்தாநல்லூர் ............ தெரு, கதவு எண் ...... வீடு இன்று ............ தேதி, ...... மணிக்கு காலி நிலையில், ...... சாவிகளுடன் ஒப்படைக்கப்பட்டது. மின் மீட்டர் அளவு ......... யூனிட். வாடகை ............ மாதம் வரை செலுத்தப்பட்டது. முன்பணம் ரூ. ............-ல் கழிக்க வேண்டியது: ............ (விவரம்). திருப்பித் தர வேண்டியது ரூ. ............. ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர் கையெழுத்து."

வெள்ளையடிக்கும் செலவு பற்றி ஒரு வார்த்தை. ஆண்டுக்கணக்கில் குடியிருந்தால் சுவர் நிறம் மங்கும், தாழ்ப்பாள் தேயும். இப்படி இயல்பான புழக்கத்தால் வரும் தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பில்லை என்பதுதான் சட்டத்தின் பொதுவான நிலை. உடைத்தது, ஓட்டை போட்டது, கழற்றிக்கொண்டு போனது வேறு. ஒப்பந்தத்திலேயே "காலி செய்யும்போது வெள்ளையடிப்புச் செலவு இவ்வளவு" என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் வேறு. எனவே நோட்டீஸ் கொடுக்கும் முன் உங்கள் ஒப்பந்தத்தை ஒரு தடவை முழுசா படியுங்கள்.

ஒப்படைப்புக் குறிப்பு வீட்டு உரிமையாளருக்கும் பாதுகாப்புதான். வீடு இன்ன நாளில் தன் கைக்கு வந்தது, இன்ன பாக்கி இருந்தது என்பதற்கு அவருக்கும் அதுவே ஆதாரம். உரிமையாளர் தரப்பில் இருந்து வாடகையை முடிக்க விரும்பினால், அவரும் எழுத்தில்தான் நோட்டீஸ் தர வேண்டும். வாடகைதாரர் போக மறுத்தால் வாடகைச் சட்டத்தில் சொல்லியுள்ள காரணங்களைக் காட்டி உரிய அமைப்பில் மனு போட வேண்டும். தண்ணீரை நிறுத்துவதையும் மின்சாரத்தைத் துண்டிப்பதையும் அதே சட்டம் தடை செய்கிறது.

ஒத்தி வீடும் குத்தகை நிலமும்

நம்ம பக்கத்தில் வாடகை இல்லாமல் ஒரு பெருந்தொகை கொடுத்து வீட்டில் இருக்கும் ஒத்தி (போக்கியம்) முறையும் உண்டு. இது அடமானத்தில் ஒரு வகை. பத்திரம் பதிவாகியிருந்தால், பணம் கைமாறிய பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்து ரசீதையும் பதிவு செய்யுங்கள். இல்லை என்றால் பணம் திருப்பிக் கொடுத்த பிறகும் வில்லங்கச் சான்றில் அந்த ஒத்தி நின்றுகொண்டே இருக்கும். பத்து வருஷம் கழித்து வீட்டை விற்கும்போது, ஒத்திக்கு இருந்தவரைத் தேடி அலைய வேண்டிவரும்.

வயல் குத்தகைக்கு மேலே சொன்ன மாதிரிக் கடிதத்தைப் பயன்படுத்தாதீர்கள். அதற்குத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன, அவை வந்ததற்குக் காரணமும் இருக்கிறது. ஒரு காலத்தில் தஞ்சை மண்ணில் குத்தகையும் பண்ணை வேலையும் வாய்ச்சொல்லில் தொடங்கி, மிராசுதாரரின் ஒரு வாய்ச்சொல்லில் முடிந்தன. அதைத் தடுக்க 1952-ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்து 1955-ல் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. யார் எந்த நிலத்தில் குத்தகைதாரர் என்பதைப் பதிவேட்டில் ஏற்ற 1969-ல் இன்னொரு சட்டம் வந்தது. பாதுகாப்பு பெற்ற குத்தகைதாரரை ஒரு நோட்டீஸ் கொடுத்து வெளியேற்ற முடியாது. அதற்குரிய காரணத்தைக் காட்டி வருவாய் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். குத்தகைதாரரே மனமுவந்து நிலத்தை விட்டுக்கொடுப்பதாக இருந்தாலும், பதிவேட்டில் பெயர் இருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தை அணுகி முறைப்படி செய்யுங்கள். எழுதாத தாளில் கையெழுத்தோ கைரேகையோ வைத்துக் கொடுக்கவே வேண்டாம்.

வீட்டோடு சேர்த்து முடிக்க வேண்டிய மற்ற சேவைகள்

கேஸ் இணைப்பு: வேறு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் அக்கம்பக்கத்தில் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெர்மினேஷன் வவுச்சர் தருவார்கள். இணைப்பு எடுத்தபோது கொடுத்த சப்ஸ்கிரிப்ஷன் வவுச்சரைக் கொண்டுபோங்கள். அதில் உள்ள டெபாசிட் தொகை திரும்பக் கிடைக்கும். புதிய ஊரில் டெர்மினேஷன் வவுச்சரைக் காட்டி இணைப்பைத் தொடரலாம்.

இன்டர்நெட், கேபிள், டிடிஎச்: ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் தானாக முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள், மாதக் கட்டண இணைப்பில் பில் ஏறிக்கொண்டே போகும். வாடிக்கையாளர் எண்ணைக் குறிப்பிட்டு, இன்ன தேதியோடு துண்டிக்கக் கோருகிறேன் என்று மெயிலிலோ அவர்களுடைய செயலியிலோ கோரிக்கை வைத்து, கோரிக்கை எண்ணை எழுதி வையுங்கள். ரௌட்டர், செட்டாப் பாக்ஸை எடுக்க வருபவரிடம் கருவியின் வரிசை எண் போட்ட ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

செயலிச் சந்தாக்கள்: போனில் இருந்து செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. செயலிக் கடையின் சந்தா பகுதியிலோ, அந்த நிறுவனத்தின் கணக்குப் பகுதியிலோ போய் ரத்து செய்ய வேண்டும். யுபிஐ ஆட்டோபேயையும் தனியாக ரத்து செய்யுங்கள். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். ஆட்டோபேயை நிறுத்தினால் பணம் போவதுதான் நிற்கும், ஒப்பந்தம் முடியாது. ஒப்பந்தத்தை முடிக்க அவர்களுக்குத் தகவல் போக வேண்டும். இரண்டையும் செய்தால்தான் வேலை முடிந்தது. சேருவதைச் சுலபமாக்கி, விலகுவதைச் சுற்றிவளைக்கும் "சந்தாப் பொறி"யை, மத்திய அரசு 30.11.2023 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் ஏமாற்று வடிவமைப்புகளில் ஒன்றாகப் பட்டியலிட்டுத் தடை செய்துள்ளன.

ஜிம், பயிற்சி வகுப்பு போன்றவை: "நடுவில் விலகினால் முழுப் பணமும் போச்சு" என்று படிவத்தில் இருந்தாலும் பயந்துவிட வேண்டாம். ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 74-வது பிரிவு, எழுதப்பட்ட தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. நியாயமான காரணம் இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முடிக்கலாம் என்ற நிபந்தனையையும், அளவுக்கு மீறிய டெபாசிட்டையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது.

பணம் வரவில்லை என்றால்

சண்டைக்குப் போகும் முன் ஒரு நினைவூட்டல் கடிதம் அனுப்புங்கள். முதல் கடிதத்தின் தேதி, ஒப்படைத்த தேதி, வர வேண்டிய தொகை, 15 நாள் அவகாசம் என நாலு வரி போதும். அதற்கும் பதில் இல்லை என்றால்:

வீட்டு அட்வான்ஸ் பிரச்சினைக்கு, நகர்ப்புற வாடகைச் சட்டத்தின் கீழ் உள்ள உரிய அமைப்பை அணுகலாம். ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். அடுத்த வீட்டுக்குப் போகும்போது பதிவு எண் கேட்டு வாங்க இது ஒரு காரணம்.

கேஸ், இன்டர்நெட், செயலி, பயிற்சி வகுப்பு போன்ற சேவைகளுக்கு முதலில் அந்த நிறுவனத்திலேயே புகார் எண் வாங்குங்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்களில் அதற்கு மேல் மேல்முறையீட்டு அமைப்பும் உண்டு. தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனிலேயே மனு செய்யலாம்.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணை அழையுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி பெறும் உரிமை இருக்கிறது. கணவர் வெளிநாட்டில் இருக்க, தனியாக வீட்டை நடத்தும் பெண்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இன்றைக்கே செய்யக்கூடியது

காலி செய்யும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும், உங்கள் வாடகை ஒப்பந்தத்தை இன்று எடுத்துப் பாருங்கள். மூன்று இடங்களைப் பென்சிலால் குறியுங்கள்: எத்தனை நாள் நோட்டீஸ், அட்வான்ஸ் எவ்வளவு, உரிமையாளரின் முகவரி எது. பிறகு எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து, வெளிநாட்டில் இருப்பவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். காலி செய்யும் நாள் வரும்போது வாசலில் நின்று சொல்வதையும் சொல்லுங்கள். கூடவே கையில் ஒரு கடிதமும் இருக்கட்டும்.